எனக்கு முந்திக் கேட்பவள்

பிப்ரவரி 3, திங்கள்

துறைத்தலைவி இன்று என்னுடைய பழைய அத்தியாயத்தை மேசைமேல் வைத்து, திருப்பி எழுதிக் கொடுங்கள் என்றார். செவிலியர் பாடநூலில் வரும் 'துக்கமும் இழப்பும்'. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நான் எழுதியது. அப்போது எல்லோரும் மெச்சினார்கள். இப்போது காலாவதியான மாத்திரை ஆகிவிட்டதாம். இறந்தவர்களை விட்டு விலகுவதுதான் ஆரோக்கியம் என்று நம் பிள்ளைகள் இன்னும் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார்கள், படிப்பு அதைத் தாண்டிப் போய்ப் பல வருடம் ஆகிறது என்றார். மே கடைசிக்குள் வேண்டும்.

தலையாட்டிவிட்டு வந்தேன். எனக்கு என் பழைய அத்தியாயம்தான் பிடித்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் கார் நிறுத்தும் இடம் தெரியும். இவர் மூக்குக்கண்ணாடிக் கடையைப் பூட்டிவிட்டு வந்து காரை நிறுத்தினார். எஞ்சின் அணைந்தது. ஆள் இறங்கவில்லை. ஒரு கை ஸ்டீரிங்மேல் இருந்தது, மற்றது காற்றில் எதையோ அளந்து காட்டியது. உதடு அசைந்துகொண்டே இருந்தது. நடுவில் ஒருமுறை தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார்.

அவளிடம் பேசுகிறார். செத்து ஆறு வருடம் ஆனவளிடம்.

உள்ளே வந்ததும் கேட்டேன், கடையில் என்ன விசேஷம் என்று. "ஒண்ணுமில்ல. எப்பவும்போலத்தான்."

ஒண்ணுமில்லாததற்கா அந்தச் சிரிப்பு?

பிப்ரவரி 6, வியாழன்

கல்யாணத்துக்கு முன்பே சொன்னார், மறைக்கவில்லை. தினமும் வீட்டு வாசலுக்கு வந்ததும் அன்றைக்கு நடந்ததை முதல் மனைவியிடம் ஒப்பிப்பாராம். பைத்தியம் என்று நினைத்துக்கொள்ளாதே என்றார். நான் நினைக்கவில்லை. பதினெட்டு வருடமாக மனோதத்துவம் கற்பிக்கிறவள். அழகாகக்கூடப் பட்டது. இன்னும் ஒரு வருடத்தில் தானாக அடங்கிவிடும் என்று கணக்குப் போட்டேன். கட்டிக்கொண்டு மூன்று வருடம் ஆகிவிட்டது.

எனக்கு இது முதல் கல்யாணம், நாற்பத்தொன்றில். அவருக்கு இரண்டாவது. விவாகரத்தானவரைக் கட்டியிருந்தால் முதலாவது முடிந்துபோன ஒன்றாக இருந்திருக்கும். இது முடியவில்லையே. சண்டை போட்டுப் பிரியவில்லை, சலித்துப் பிரியவில்லை. பாதிப் பேச்சில் எழுந்து பக்கத்து அறைக்குப் போன மாதிரி போயிருக்கிறாள்.

இவர் வீட்டு ஆட்கள் என்னிடம் அவளைப் பற்றிப் பேசினால் 'அக்கா' என்பார்கள். அக்கா இந்த அலமாரியை இந்தப் பக்கம்தான் போடுவாங்க. அக்காவுக்கு மஞ்சள் ஆகாது. பார்த்தே இராத ஒருத்திக்குத் தங்கையாகிவிட்டேன். போனபோது அவளுக்கு முப்பத்தெட்டு. எனக்கு இப்போது நாற்பத்து நாலு. என் அக்கா என்னைவிட ஆறு வயது சின்னவள். அடுத்த வருடம் ஏழு வயது சின்னவள் ஆவாள். நான் மட்டும் கிழவியாகிக்கொண்டே போக வேண்டியது.

அவர்கள் மகளுக்குப் பதினேழு. இவர் அவளை வாலு என்பார், நானும் அப்படித்தான். அம்மாவின் தங்கையை அவள் சித்தி என்று கூப்பிட்டுப் பழகிவிட்டதால் எனக்கு அந்த வார்த்தை மிச்சமில்லை. என்னை டீச்சர் என்கிறாள். மரியாதையாகத்தான். வேலைக்கு வந்தவளைக் கூப்பிடுகிற மரியாதை.

பிப்ரவரி 11, செவ்வாய்

அத்தியாய வேலை தொடங்கினேன். பழைய கொள்கையிலிருந்து வரிசையாகப் போகலாம் என்று. நூறு வருடத்துக்கும் முன்னால் ஒரு மருத்துவர் சொன்னது இது: துக்கம் என்பது வேலை. போனவரோடு கட்டிப்போட்ட அன்பின் ஒவ்வொரு முடிச்சையும் அவிழ்த்து, மீட்டு, இருப்பவர்மேல் வைக்கும் வேலை. அந்த வேலை முடிந்தால் மனம் விடுதலையாகும்.

எவ்வளவு நேர்மையான கொள்கை. ஒரு பக்கம் எடுத்தால்தான் இன்னொரு பக்கம் வைக்க முடியும். எனக்கு வர வேண்டியது அங்கே முடங்கிக் கிடக்கிறது என்று யாராவது ஒரு பெரிய மனிதர் எழுதிவைத்திருப்பது எத்தனை ஆறுதல்.

பிப்ரவரி 15, சனி

ஐந்து படிகள். மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. மாணவிகள் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். முதலில் அவை சாகப் போகிற நோயாளிகளைப் பார்த்து எழுதப்பட்டவை. பிறகு யாரோ அப்படியே தூக்கி, பிழைத்திருப்பவர்கள் தலையில் வைத்துவிட்டார்கள். ஏணிபோல ஏறி உச்சிக்குப் போனால் முடிந்தது என்று நானும் எழுதியிருக்கிறேன். ஆராய்ந்து பார்த்தவர்கள், மனிதர்கள் அப்படி வரிசையில் ஏறுவதில்லை என்கிறார்கள்.

இவர் எந்தப் படியில் இருக்கிறார்? இவர் ஏணியிலேயே இல்லை. ஏணிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்.

பிப்ரவரி 21, வெள்ளி

இன்று ஒரு காரியம் செய்தேன். எழுத வெட்கமாக இருக்கிறது.

நீடித்த துக்கம் என்று இப்போது ஒரு நோய்க்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு வருடம் கடந்தும் நாள்தோறும் தீராத ஏக்கம், தன்னில் பாதி செத்துப்போன உணர்வு, பழைய நண்பர்களோடு ஒட்ட முடியாமை, அன்றாட வாழ்க்கை குலைந்துபோதல். இவர் சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தேன். நன்றாகச் சாப்பிட்டார். வாலு எதற்கோ கிண்டல் செய்தாள், புரையேறச் சிரித்தார். படுத்தால் உடனே தூங்குகிறார். கடை நன்றாக ஓடுகிறது. என் கால்வலிக்குத் தைலம் வாங்கி வந்திருந்தார், நான் கேட்காமலே.

ஒன்றுகூடப் பொருந்தவில்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. புருஷனுக்கு நோயில்லையே என்று ஏமாந்த பெண்டாட்டி நானாகத்தான் இருப்பேன்.

பிப்ரவரி 26, புதன்

மூன்றாவது கொள்கை. தொடரும் பந்தம். முப்பது வருடம்போல ஆகிறது இது வந்து. பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரையும் பெற்றோரை இழந்த குழந்தைகளையும் கவனித்தவர்கள் பார்த்தார்கள்: நல்லபடியாக வாழ்கிறவர்கள் பலர் முடிச்சை அவிழ்க்கவே இல்லை. போனவரோடு பேசுகிறார்கள், யோசனை கேட்கிறார்கள். அது நோயல்ல. உறவு முடிவதில்லை, உருவம் மாறுகிறது, அவ்வளவுதான்.

அந்த நூறு வருடத்துக்கு முந்தைய மருத்துவரே தன் மகளைப் பறிகொடுத்த பிறகு, இந்த இடம் ஒருநாளும் நிரம்பாது, நிரம்பாமலிருப்பதுதான் சரி என்கிற பொருளில் ஒரு நண்பருக்கு எழுதினாராம். நீங்களுமா ஐயா. உங்களை நம்பித்தானே இருந்தேன்.

ஜன்னலில் நின்றேன். இன்று காரில் வெகுநேரம் இருந்தார். மழை. கண்ணாடியில் நீர் வழிந்ததால் முகம் தெரியவில்லை. அந்தச் சின்ன அறைக்குள் இரண்டு பேர் இருப்பதுபோலவே இருந்தது.

உலகத்துப் படிப்பெல்லாம் சேர்ந்து அவள் பக்கம் போய் நின்றுகொண்டது. என் பக்கம் ஆளே இல்லை.

மார்ச் 2, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

வாலு வகுப்புக்குப் போயிருந்தாள். இவர் வாசலில் உட்கார்ந்து செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார். ஒரு விஷயம், தப்பா எடுத்துக்காதீங்க என்று ஆரம்பித்தேன். குரல் வகுப்பறைக் குரலாக மாறிவிட்டது, எனக்கே கேட்டது. போனவர்களோடு பேசிக்கொண்டே இருந்தால் மனம் ஆறாது, கொஞ்சம் கொஞ்சமாக விலகுவதுதான் நல்லது, ஆராய்ச்சி அப்படித்தான் சொல்கிறது என்றேன்.

ஊசியை நிறுத்தினார். "நிறுத்தணுங்கறியா?"

"நிறுத்தினா நல்லதுங்கறேன்."

நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "நீ படிச்சவ. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

வாதாடுவார் என்று தயாராக வந்திருந்தேன். ஒரு வார்த்தைகூட எதிர்த்துச் சொல்லவில்லை. அது ஏன் எனக்கு நிம்மதியாக இல்லை?

மார்ச் 3, திங்கள்

கார் நின்றது. கதவு உடனே திறந்தது. நேராக உள்ளே வந்தார்.

ஜெயித்துவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

ஒரு வாரமாக நேராக உள்ளே வருகிறார். கை கழுவுகிறார். தேநீர் குடிக்கிறார். கடையில் என்ன என்று கேட்டால் ஒண்ணுமில்ல என்கிறார். முன்பும் அதையேதான் சொன்னார். ஆனால் முன்பு சொல்லி முடித்துவிட்டு வந்தவருடைய ஒண்ணுமில்ல. இப்போது நிஜமாகவே ஒண்ணுமில்லை.

அவளுக்குப் போனது நின்றால் எனக்கு வரும் என்று நினைத்தேன். குழாயை ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கம் பாயும் என்று. ஊற்றே நின்றுவிட்டது.

மார்ச் 19, புதன்

கடையில் ஒருவருக்கு வலது கண் லென்ஸை இடது பக்கம் போட்டுக் கொடுத்துவிட்டாராம். இருபது வருடத்தில் முதல்தடவை என்று அவரே சொன்னார். சொல்லும்போது முகத்தில் ஒன்றுமில்லை. தூக்கமும் சரியில்லை. புரண்டு புரண்டு படுக்கிறார்.

போன மாதம் நான் தேடினேனே அந்த அறிகுறிகள். இப்போது வருகின்றன. வரவழைத்தவள் நான்.

சொல்லிவிடு என்கிறது மனசு. என்னவென்று சொல்வது? ஆராய்ச்சி நேற்று மாறிவிட்டது என்றா?

மார்ச் 28, வெள்ளி

வாலுவுக்குக் கட்டடக்கலைப் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. வெளியூரில், விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். குதித்துக்கொண்டு வந்தாள். அப்பாவைக் கட்டிக்கொண்டு, "அம்மாகிட்ட சொல்லிட்டியா?" என்றாள்.

இவர் என்னைப் பார்க்கவில்லை. "இப்பல்லாம் பேசறதில்லடா. விட்டுடறது நல்லதுன்னு டீச்சர் சொன்னாங்க" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. மருத்துவர் சர்க்கரை வேண்டாம் என்றதைச் சொல்வதுபோலச் சொன்னார். அதனால்தான் இன்னும் மோசம்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் பேசினாள். அம்மா போனபோது தனக்குப் பதினொன்று என்றாள். முகம் படத்தில் இருக்கிறதாம், மற்றதெல்லாம் கலங்கிவிட்டதாம். அப்புறம் சொன்னாள்: "அப்பா கார்ல பேசறப்ப மாடி ஜன்னல்லேர்ந்து பாத்துட்டு இருப்பேன். அப்ப மட்டும்தான் எனக்கு அம்மா இருக்கற மாதிரி இருக்கும். அது உங்களுக்கு என்ன இடைஞ்சலா இருந்துச்சு டீச்சர்?"

மாடி ஜன்னல். நான் கீழே, அவள் மேலே. இத்தனை நாள் ஒரே காரைப் பார்த்துக்கொண்டு.

 துணியை எடுத்துக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள்.

மார்ச் 30, ஞாயிறு

வீடு காலி. இவர் கடைக்குப் போய்விட்டார், ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை என்று தெரிந்தும்.

அப்பாவிடம் பேசிப் பார்த்தேன். என் அப்பா. எனக்கு இருபத்தொன்பது ஆகும்போது போனார். எல்லாம் புத்தகத்தில் உள்ளபடி செய்தேன். சட்டைகளைக் கொடுத்துவிட்டேன், கட்டிலைக் கழற்றிவிட்டேன், சீக்கிரமே வேலைக்குத் திரும்பினேன். எவ்வளவு திடமான பெண் என்றார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது.

இன்று கூடத்தில் உட்கார்ந்து, அப்பா, என்றேன். அடுத்து என்ன சொல்வது என்று தெரியவில்லை. என்னை எப்படிக் கூப்பிடுவார் என்று யோசித்தேன். வார்த்தை ஞாபகம் இருக்கிறது. குரல் வரவில்லை. எவ்வளவு நேரம் காத்திருந்தும் வரவில்லை.

அப்போதுதான் உறைத்தது. நான் பொறாமைப்பட்டது அவளைப் பார்த்து மட்டும் இல்லை. இவரைப் பார்த்தும்தான். இவருக்கு ஒரு ஆள் இருக்கு. எனக்கு இல்ல. நானே காலி பண்ணி அனுப்பிட்டேன். நல்ல பிள்ளை மாதிரி.

அழுதேன். பதினைந்து வருடம் தாமதமாக.

ஏப்ரல் 5, சனி

வாலுவைக் கூட்டிவரப் போனேன். அவள் சித்தி, அதாவது அந்த அக்காவின் கூடப்பிறந்த தங்கை, ஒரு சலவைக் கடைக்கு மேல்மாடியில் குடியிருக்கிறாள். படியேறும்போதே நீராவி வாடை. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். ஆறடிக்குக் கொஞ்சம் குறைச்சல், பேச்சும் அதே உயரம். என்னைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து துணிமூட்டையை எடுத்துவிட்டு உட்காரச் சொன்னாள். வாலு சுவரோரம் சாய்ந்து நின்றாள், உட்காரவில்லை.

ஒப்பனை இல்லாமல் சொல்லிவிடலாம் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். ஆராய்ச்சி அப்படிச் சொல்லவில்லை, நேர் எதிராகத்தான் சொல்கிறது, தெரிந்தேதான் மாற்றிச் சொன்னேன் என்றேன். ஏன் என்று வாலு கேட்டாள்.

"பொறாமைதான். உங்கம்மா மேல."

தங்கைக்காரி என்னையே பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். வாயைப் பொத்திக்கொண்டும் அடங்கவில்லை. எனக்கு எழுந்து போய்விடலாம் போல இருந்தது.

"தப்பா நினைக்காதீங்க. பொறாமையா? எங்கக்கா மாதிரி பொறாமைக்காரிய நான் பாத்ததே இல்லைங்க. கடையில ஒரு பொண்ணு வேலைக்குச் சேந்தா ஒரு வாரம் தாங்காது. அத்தான் யாராவது அம்மாவுக்குக் கண்ணாடி மாட்டி காதோரம் சரிபண்ணப் போனா, இவ கல்லாவ அப்படியே போட்டுட்டு ஓடிவந்து, விடுங்க நான் மாட்டிவிடறேன்னு நிப்பா. எழுபது வயசு அம்மாவா இருந்தாலும் சரி."

வாலு சொன்னாள், அம்மா அப்படியெல்லாம் இல்லை என்று. சித்தி விடவில்லை. போனவளைப் பற்றிக் குறை சொல்லக்கூடாது என்று எல்லோரும் சேர்ந்து அவளைச் சுவரில் மாட்டிவைத்துவிட்டோம், எனக்கு அந்தப் படத்தில் இருப்பவளைத் தெரியவே தெரியாது, நான் சண்டை போட்ட அக்கா வேறு என்றாள். ஒருதடவை இரண்டு பேரும் ஒரு துப்பட்டாவுக்காக ஆறு மாதம் பேசாமலிருந்தார்களாம். இன்னும் தான்தான் சரி என்று அடிக்கடி அவளிடம் வாதாடுவாளாம், பேருந்து ஓட்டும்போது.

கிளம்பும்போது என் தோளைத் தட்டி, "உங்கள அக்காவுக்குச் சுத்தமா பிடிச்சிருக்காது" என்றாள்.

இதைவிட நல்ல வார்த்தையை அந்தக் குடும்பத்தில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. படி இறங்கும்போது எனக்குள்ளே சிரிப்பு முட்டியது. கல்லாவை விட்டு ஓடிவருகிற பெண். அவள் முகத்தை முதல்தடவையாக என்னால் கற்பனை செய்ய முடிந்தது. மூக்கு விடைத்திருக்கும்.

வாலு வரவில்லை. அப்பாகிட்ட முதல்ல சொல்லுங்க, அப்புறம் வரேன் என்றாள். நியாயம்தான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

சொன்னேன். அதே வாசலில்.

முழுசாகக் கேட்டார். கடைசியில், "அப்ப அந்தப் படிப்பு அப்படிச் சொல்லலயா?" என்று கேட்டார்.

"இல்ல. நான்தான் சொன்னேன்."

"அஞ்சு வாரம் நான் அவள வாசல்லயே நிறுத்திட்டு உள்ள வந்தேன். ஒவ்வொரு நாளும் நெஞ்ச அறுத்துச்சு. நல்லதுக்குத்தான்னு பல்லக் கடிச்சுக்கிட்டேன். உன்ன நம்பித்தான்."

மூன்று வருடத்தில் இவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. குரலை உயர்த்தவில்லை. எழுந்து உள்ளே போய், வாலுவின் அறையில் படுத்துக்கொண்டார்.

ஏப்ரல் 10, வியாழன்

பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால் எழுந்து போய் எடுத்துக்கொள்கிறார்.

ஏப்ரல் 14, திங்கள்

வாலு திரும்பிவிட்டாள். அறையைக் காலி செய்ய வேண்டியிருந்ததால் இவர் என் அறைக்குத் திரும்பினார். சமாதானம் என்று சொல்ல முடியாது. இடப்பற்றாக்குறை.

ஏப்ரல் 17, வியாழன்

கார் நின்றது. இறங்கவில்லை. ஜன்னலோடு ஒட்டி நின்றேன். ஆனால் உதடு அசையவில்லை. ஸ்டீரிங்கைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் இறங்கி வந்துவிட்டார்.

"உக்காந்து பாத்தேன். வரல" என்றார். பல நாள் கழித்து என்னிடம் சொன்ன முதல் வாக்கியம்.

என்ன செய்துவிட்டேன்.

ஏப்ரல் 23, புதன்

அத்தியாயத்தை விட்ட இடத்தில் தொட்டேன். நாலாவது கொள்கை, ஊசல். துக்கத்துக்கும் அன்றாடத்துக்கும் நடுவே மனம் போய்ப் போய் வரும். ஒரு கரையில் இழப்பு, மறுகரையில் கடை, சமையல், சம்பளம், சிரிப்பு. எந்தக் கரையிலும் ஒரேயடியாகக் குடியிருக்க முடியாது. போய்வரத் தெரிந்தவர்கள் தேறுகிறார்கள். இவர் அதைத்தான் யாரும் சொல்லித்தராமல் செய்துகொண்டிருந்தார். காரிலிருந்து அடுக்களைக்கு. அங்கே அழுவதோ சிரிப்பதோ முடித்துவிட்டு, இங்கே வந்து வெங்காயம் நறுக்குவார்.

அந்த ஊசலைக் கையால் பிடித்து நிறுத்தியவள் இதை எழுதுகிறேன்.

மே 4, ஞாயிறு

இவர் சட்டைப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தேன். மனசுக்குள் வைத்துக்கொள்ள முடியவில்லை, அவள் தங்கை சொன்னதைச் சொன்னேன், கண்ணாடி மாட்டுகிற கதையை. சொல்லலாமா கூடாதா என்று யோசிக்கவே இல்லை.

இவர் முதலில் திகைத்தார். அப்புறம் வாய் ஓரம் கோணியது. "அத மட்டுமா சொன்னா? ஒரு தடவை கண் டாக்டர் அம்மா ஒருத்தங்க கடைக்கு வந்தாங்க…" என்று ஆரம்பித்துவிட்டார். வாலு மாடியிலிருந்து இறங்கி வந்து படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. கோபத்தில் எதிரில் வந்த மூன்று சக்கர வண்டியைக் கைகாட்டி நிறுத்தி ஏறிப் போய்விட்டாளாம், அது மீன் வண்டி. இவர் பின்னாலேயே ஓடினாராம். வாலு அழுதுகொண்டே சிரித்தாள். இதெல்லாம் ஏம்ப்பா எனக்குச் சொல்லவே இல்ல என்றாள். யாரும் கேக்கலியேடா என்றார்.

எனக்குப் பொறாமை போய்விட்டதா? இல்லை. மீன் வண்டிக்குப் பின்னால் எனக்காக இவர் ஓடுவாரா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஆனால் அது வேறு மாதிரிப் பொறாமை. எதிரில் ஆள் இருக்கிற பொறாமை. அவள் கத்துவாள், நான் கத்தலாம்.

மே 9, வெள்ளி

காரிலேயே உட்கார்ந்திருந்தார். உதடு அசைந்தது. மெதுவாக, பல நாள் கழித்து ஊரிலிருந்து வந்தவரிடம் பேசுவதுபோல.

ஜன்னலை விட்டு நானே தள்ளி வந்துவிட்டேன். மாடியில் வாலுவின் காலடியும் நகர்ந்தது கேட்டது.

மே 29, வியாழன்

அத்தியாயத்தைக் கொடுத்தேன். துறைத்தலைவி என் எதிரிலேயே படித்தார். முடித்துவிட்டு, பழையதில் பக்கத்துக்குப் பத்து 'வேண்டும்' இருந்தது, விலக வேண்டும், ஏற்க வேண்டும், மீள வேண்டும் என்று, இதில் ஒன்றையும் காணோமே என்றார். ஆமாம் என்றேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "எல்லாம் சரி, பரீட்சையில என்ன கேள்வி கேக்கறது?" என்றார்.

அதை நான் யோசிக்கவே இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

இவர் இப்போதெல்லாம் கடைக் கதையில் கொஞ்சம் எனக்கும் தருகிறார். நல்லதெல்லாம் அங்கே போய்விட்டு, மீதிதான் எனக்கு வருகிறதோ என்று சந்தேகம் இருக்கிறது. கேட்டேன். சண்டை வந்தது. நல்ல சண்டை. வெகுநாளுக்குப் பிறகு இரண்டு பேரும் குரலை உயர்த்தினோம்.

ஜூலை 12, சனி

வாலுவை விடுதியில் விட்டுவந்தோம்.

மூன்றாம் மாடி. கட்டிலைத் துடைத்து விரிப்புப் போட்டேன். இவர் அலமாரிப் பூட்டோடு மல்லுக்கட்டினார், கடைசியில் அது இவரை ஜெயித்தது. வாலு எங்கள் இரண்டு பேரையும் எப்போது கிளப்பலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டில் பெண் வந்ததும், "இது எங்கப்பா. இது எங்க டீச்சர்" என்றாள். அந்தப் பெண் என்னைப் பள்ளிக்கூட டீச்சர் என்று நினைத்துக்கொண்டு வணக்கம் சொன்னாள். வாலு திருத்தவில்லை. ஆனால் இவர் காரை எடுத்துவர இறங்கிய பிறகு, நான் கதவுப் பக்கம் திரும்பியதும் பின்னாலிருந்து வந்து கட்டிக்கொண்டாள். முகத்தைக் காட்டவில்லை. நானும் திரும்பவில்லை.

படியில் தனியாக இறங்கினேன். இறங்க இறங்க, யோசிக்காமலே, அவள் அம்மாவிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். வாய்விட்டுத்தான். கட்டில் ஜன்னலோரம் கிடைத்திருக்கிறது. வெயில் காலையில் மட்டும் வரும். குளியலறை தூரம், ஆனால் சுத்தம். பக்கத்துக் கட்டில் பெண் நல்லவளாகத் தெரிகிறாள், பேச்சுதான் கொஞ்சம் அதிகம். அழவில்லை, உன் பெண். அழுதாலும் காட்டியிருக்க மாட்டாள், அது யாரிடமிருந்து வந்ததோ. மூக்கு விடைத்தது, அது உன்னிடமிருந்துதான்.

இரண்டாம் மாடியில் ஒரு தாய் தகரப்பெட்டியோடு மேலே வந்தாள். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு ஒதுங்கினாள். நான் நிறுத்தவில்லை. வேகமாகத்தான் சொல்ல வேண்டியிருந்தது. கீழே இவர் காரில் உட்கார்ந்து ஆரம்பித்துவிடுவார்.

இன்றைக்கு நான் முந்திக்கொண்டேன்.